தாயம்மா குட்டை

கெலாடித் தோட்டத்துத் தாயம்மாவுக்குத் தண்ணீரைக் கண்டால் வாய் மூடிவிடும். மற்ற நேரத்தில் அந்த வாயை மூட யாராலும் முடியாது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எந்த வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறதோ அங்கே அவள் நிற்கிறாள் என்று அர்த்தம். ரப்பர்ப் பால்மரத்தின் பட்டையை வெட்டும்போதும் நாலு நிரை தள்ளி வெட்டுகிறவர்களோடு பேசிக்கொண்டேதான் வெட்டுவாள். ஆனால் ஓர் ஓடைக்கரையில் குந்தித் தூண்டிலைப் போட்டுவிட்டால் போதும், பக்கத்தில் மரம் முறிந்து விழுந்தாலும் "உஷ்" என்பாளே தவிர வேறு பேச்சு வராது.

மம்பாவ் தாண்டி, லிங்கி ஆற்றின் ஒரு கிளையை ஒட்டிக் கிடந்தது அந்தத் தோட்டம். அதைச் சுற்றியிருந்த தண்ணீர் எல்லாம் தாயம்மாவுக்கு அத்துப்படி. மூங்கில் புதர் சாய்ந்து கிடக்கும் ஆற்று வளைவில் லம்பாம் மீன். சீனர்கள் ஈயம் தோண்டிவிட்டு விட்டுப்போன பழைய குட்டைகளில், வெயில் ஏறிய பிறகு விரால். சதுப்பில் கோரைப்புல் கருத்துத் தெரியும் இடத்தில் கெளுத்தி. மழை விட்ட மறுநாள் எந்தக் கான் வாய்க்காலில் பூயூ மீன் மேலேறி வரும் என்பதும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மூங்கில் கழியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். வீட்டில் குழம்புக்கு வழியில்லை என்றெல்லாம் இல்லை. தக்கை அசைந்து, மெல்ல முங்கி, நூல் விறைக்கும் அந்த ஒரு நொடிக்காகத்தான் போனாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அவள் புருஷன் ஆறுமுகம் ஆற்று மீனைத் தொடமாட்டான். அவன் புகைக்கூண்டில் ரப்பர் ஷீட் உலர்த்துகிறவன். நாள் முழுக்கப் புகையில் நின்றாலும் அவன் மூக்குக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. "சேத்து நாத்தம்" என்று தட்டைத் தள்ளிவிட்டுக் கருவாட்டைச் சுடச் சொல்லுவான்.

"நீ பிடிக்கிறே, லயத்துல அத்தனை வீடும் திங்குது. எனக்கு என்ன லாபம்?" என்பான்.

"உங்களுக்கு வாயாடாம ஒரு நாள் கெடைக்குதுல்ல, அதான் லாபம்" என்பாள் தாயம்மா.

காட்டுக் கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்கார அரசாங்கம் அவசரகாலம் அறிவித்தபோது முதலில் போனது அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான். பக்கத்துத் தோட்டத்தில் வேலை மேய்க்கும் மண்டோர் ஒருவரைக் காட்டிலிருந்து வந்து சுட்டுப் போட்டார்கள். மம்பாவ் சாலையில் ஒரு லோரி எரிந்தது. அதன் பிறகு சிதறிக் கிடந்த லயங்களையெல்லாம் பிரித்துக் கொண்டுவந்து, பால் கொட்டகைக்கும் புகைக்கூண்டுக்கும் பக்கத்தில் ஒரே இடமாக நெருக்கிக் கட்டினார்கள். சுற்றிலும் முள்கம்பி வேலி, மூலையில் காவல் கோபுரம், முன்னால் ஒரே ஒரு கேட்டு. சாயங்காலம் சங்கு ஊதினால் யாரும் வெளியே இருக்கக் கூடாது. வேலை நேரத்தில் பால்மரம் நிற்கும் வெட்டுக்காட்டுக்கு மட்டும் போகலாம். ஆறு, குட்டை, சதுப்பு எல்லாம் கூடாது. அரிசி வாரக் கணக்கில் அளந்து கொடுத்தார்கள். ஒரு பிடி சோறோ ஒரு துண்டு மரவள்ளியோ வேலிக்கு வெளியே போனால் குற்றம். காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாதாம்.

கேட்டில் சோதனை போட்டவன் ஆம்புரோஸ். சிரம்பானில் வளர்ந்த பையன், ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து சட்டை மடிப்புக் கலையாமல் நிற்பான். முதல் வாரமே தாயம்மாவின் இடுப்பு முடிச்சிலிருந்து ஒரு சின்ன டின்னை எடுத்துத் திறந்தான்.

"என்னக்கா இது?"

"தூண்டில் இரை, தம்பி. சோத்தையும் மரவள்ளியையும் பெசஞ்சு உருட்டினது. என் நெரைக்குப் பக்கத்துல ஒரு கானு ஓடுது. மரம் வெட்டி முடிச்சிட்டுப் பால் எடுக்கிறதுக்குள்ள கொஞ்ச நேரம் சும்மாத்தான உக்காந்திருப்போம்? அதுல ஒரு கையி பாக்கலாம்னு."

"சோறு வெளிய போகக் கூடாது லா."

"இது மீனுக்கு."

"மீனுக்கா, மனுசனுக்கான்னு சோத்துல எழுதியா இருக்கு? போட்டுட்டுப் போங்கக்கா."

தாயம்மா உருண்டைகளைக் கேட்டோரத்துக் கோழிக்குப் போட்டுவிட்டுப் போனாள். மறுநாள் அதே டின் வந்தது. ஆம்புரோஸ் மூடியைத் திறந்ததும் கையை உதறினான். உள்ளே மண்புழு நெளிந்தது.

"இதையும் யாராச்சும் திம்பாங்கன்னா எடுத்து வச்சுக்க தம்பி" என்றாள். பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆம்புரோசும் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் திரும்பிக்கொண்டான். அன்றிலிருந்து அந்த டின்னை அவன் திறக்கவில்லை. காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவான்.

கானில் மீன் இருந்தது. ஆனால் பிடித்ததை வைக்க இடம் வேண்டுமே. தாயம்மா பால் வாளியோடு இன்னொரு வாளியும் தோளில் சுமக்கும் காண்டாக் கழியில் கட்டித் தூக்கிப் போனாள். அதில் தண்ணீரை ஊற்றி, மீனை உயிரோடு போட்டு, மேலே இலையைப் பரப்பி மூடிவிடுவாள். கொஞ்ச நாள் இது நன்றாகத்தான் நடந்தது.

ஒரு நாள் பால் கொட்டகையில் எடை போட்டுக் கணக்கெழுதிக்கொண்டிருந்த ராமகிருஷ்ணன் கிராணி இலை மூடிய வாளியைப் பார்த்துவிட்டார். அவருக்கு எதையும் சந்தேகப்படுவதுதான் வேலை.

"என்ன தாயம்மா, இந்த வாளிப் பாலை எடைக்கு வைக்கலே? யாருக்கு ஒதுக்கி வச்சிருக்கே?"

"அது பால் இல்லீங்க கிராணியாரே. அதைத் தொடாதீங்க."

தொடாதே என்று சொன்னால் தொடாமல் இருக்கிற ஆள் அவர் இல்லை. இலையை விலக்கி உள்ளே கையை விட்டார். உள்ளே இருந்தது முழங்கை நீள விரால். அது ஒரே துள்ளாகத் துள்ளி அவர் சட்டையில் மோதி, பக்கத்தில் நிரம்பி நின்ற பால்தொட்டிக்குள் போய் விழுந்தது. கிராணி பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். தொட்டிப் பால் கொதிப்பது போலக் குமுறியது. ஆளுக்கொரு பக்கம் சல்லடையையும் வாளியையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்து, கடைசியில் தாயம்மாவே கையை விட்டுச் செவுளைப் பிடித்துத் தூக்கினாள். தலையிலிருந்து வால் வரை ரப்பர் பால் வடிய, விரால் சுண்ணாம்பு அடித்தது போலத் தொங்கியது.

"தொரையை விட வெள்ளையா இருக்கே" என்று யாரோ சொல்ல, கொட்டகையே குலுங்கியது. சிரிக்காதவர் கிராணி ஒருவர்தான். நேரே ஆபீசுக்குப் போனார்.

அன்று மதியமே துரை கூப்பிட்டு அனுப்பினார். தாயம்மாவின் பக்கத்து வீட்டு ராக்கம்மா, "வேலையை நிறுத்திருவாங்க போல" என்று கையைப் பிசைந்துகொண்டே ஆபீஸ் வாசல் வரை கூட வந்தாள். அந்தத் துரை வெகுகாலம் தோட்டத்தில் இருந்து தமிழ் பழகியவர். திட்டினால் தமிழிலேயே திட்டுவார்.

"வாளி பாலுக்கு. மீனுக்கு இல்லே" என்றார்.

"தப்புத்தான் தொரே."

"எங்கே புடிச்சே?"

தாயம்மா சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கானில் விரால் எப்படி வந்தது என்று கேட்டார். சதுப்பிலிருந்து மழைக்கு ஏறி வந்ததைச் சொன்னாள். பிறகு ஆற்று வளைவைப் பற்றிக் கேட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரு நல்ல தூண்டில் கழி உறையோடு தொங்குவதை அப்போதுதான் தாயம்மா பார்த்தாள். உறையின் மேல் தூசி. துப்பாக்கிக்காரர்கள் இல்லாமல் பங்களாவை விட்டு இறங்க முடியாதவர் ஆற்றுக்கு எங்கே போவது? அவரைப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. அந்தத் தைரியத்தில் மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டாள்.

"தொரே, லயத்துக்குக் கீழண்டைப் பக்கம் வேலிக்கு மண்ணெடுத்தாங்களே, அந்தப் பள்ளத்துல மழைத்தண்ணி தேங்கி நிக்குது. கொசு அடைஞ்சு போச்சு. ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ஐயா வாரா வாரம் எண்ணெய் ஊத்துறாரு, அப்பவும் கொசு போகலே. எண்ணெயை நிறுத்தச் சொல்லிட்டு அந்தத் தண்ணியை எங்கிட்ட விடுங்க. மீனைக் கொண்டாந்து விடுறேன். கொசுப் புழுவையெல்லாம் அது தின்னுடும்."

துரை பேனாவைத் திரும்பக் கையில் எடுத்தார். "வாளி?" என்றார்.

"எங்க வீட்டு வாளி தொரே. பால் வாளி இல்லே."

"சரி, போ. கிராணி சட்டையை மட்டும் நீ தொவைச்சுக் கொடு."

வெளியே வந்ததும் ராக்கம்மா என்ன ஆயிற்று என்று கேட்டாள். "சட்டை தொவைக்கணுமாம்" என்றாள் தாயம்மா. அவளுக்கே நம்ப முடியவில்லை.

அன்றிலிருந்து அவள் பிடிக்கிறவளாக இருந்தது போய் வளர்க்கிறவளாக மாறினாள். தூண்டில் முள்ளின் கொக்கிப் பல்லை அரத்தால் தேய்த்து மழுக்கிக்கொண்டாள். மீனுக்கு வாய் கிழியக் கூடாது. முதலில் செப்பாட் மீனும் பூயூவும் மட்டுமே கொண்டுவந்து விட்டாள். கேட்டில் ஆம்புரோஸ் வாளிக்குள் எட்டிப் பார்ப்பான்.

"வெளிய போறதுக்குத்தான் சட்டம் இருக்கு. உள்ள வர்றதுக்கு ஒண்ணும் இல்லே. போங்க" என்பான். ஒரு நாள் கேட்டான்: "ஏன் அக்கா, ஒரு நல்ல விரால் விடக் கூடாதா? வெள்ளிக்கிழமை வேதக்காரங்க எங்களுக்குக் கறி ஆகாது. போர்ட்டிக்சன் கடல்மீன் லோரியும் இப்ப ஒழுங்கா வர்றதில்லே. முட்டையைத் தின்னு தின்னு எனக்கே கொக்கரிக்க வருது."

"விரால் ரவுடி, தம்பி. அதை இப்ப விட்டா மத்ததையெல்லாம் முழுங்கிடும். சின்னது பெருகட்டும். அப்புறம் உனக்குன்னு ஒண்ணு விடுறேன்."

பள்ளம் குட்டையாயிற்று. கொசு குறைந்தது என்று டிரெஸ்ஸரே ஒத்துக்கொண்டார். கரையில் தாயம்மா கங்குன் கீரையை நட்டாள். சாயங்காலம் சங்கு ஊதிய பிறகு எங்கேயும் போக வழியில்லாத ஜனம், சாப்பாட்டுக்கு முன்னால் அங்கே வந்து குந்தியது. செப்பாட் கூட்டம் மேலே வந்து வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது போவது தெரியவில்லை. "தாயம்மா குட்டை" என்றே பெயர் விழுந்துவிட்டது. தூண்டிலோடு யாராவது வந்தால் மட்டும் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள்.

"இன்னும் இல்லே. குஞ்சு பொரிக்கட்டும்."

"எப்பத்தான் பிடிக்க விடுவே?" என்று ராக்கம்மா கேட்பாள்.

"சொல்றேன் போ."

ஆறுமுகம் வீட்டுக்குள்ளிருந்து குரல் கொடுப்பான்: "கட்டிக் கொடுத்த நம்ம பொண்ணுங்களுக்குக்கூட இவ்வளவு காவல் காத்தது இல்லே இவ."

அந்த வருஷக் கடைசியில் மழை பிடித்தது. பெய்தது, பெய்தது, நிற்கவே இல்லை. மம்பாவ் சாலை தண்ணீருக்குள் போனது. அரிசி லோரி வரவில்லை. முன்பெல்லாம் மழைக்காலத்துக்கு என்று ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது சேர்த்து வைத்திருப்பார்கள். இப்போது பங்குக்கு மேல் ஒரு பிடி வைத்திருந்தாலும் குற்றம் என்பதால் எல்லார் பானையும் ஒன்றாகக் காலியாயிற்று. வேலையும் இல்லை. கேட்டைத் திறக்கவும் உத்தரவு இல்லை. ஜனங்கள் மரவள்ளித் தண்டு நட்ட இடத்தையெல்லாம் தோண்டிப் பார்த்தார்கள்.

ஒரு நாள் காலையில் தாயம்மா குட்டையைப் பார்க்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். ஆறு பெருகி, கீழ்ப்பக்கத்துக் கான் வழியாக எதிர்த்து ஏறி, வேலிக்கு அடியில் நுழைந்து குட்டையோடு கலந்துவிட்டது. எது கரை, எது தண்ணீர் என்று தெரியவில்லை. புல்லுக்கு மேல் ஓடிய மெல்லிய தண்ணீரில் அவள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து விட்ட செப்பாட் மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து கானை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

"போகுதே, எல்லாம் போகுதே" என்று அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கி முந்தானையை விரித்து மறித்தாள். ஒரு முந்தானை எத்தனையைத் தடுக்கும்? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்போது காலில் எதுவோ பலமாக மோதியது. குனிந்து பார்த்தாள். லம்பாம். உள்ளங்கையை விட அகலமானது. இந்தக் குட்டையில் அவள் லம்பாம் விட்டதே இல்லை. இன்னொன்று மோதியது. வெளியே போகிறதைப் பார்த்து அழுதுகொண்டிருந்தவளுக்கு அப்போதுதான் உள்ளே வருவது தெரிந்தது.

லயத்துக்கு ஓடினாள். "ராக்கம்மா, கொசுவலை இருந்தா எடு. கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்லே. எல்லாரையும் கூப்பிடு. இன்னிக்குப் பிடிக்கலாம்."

அதற்குப் பிறகு நடந்ததைக் கெலாடித் தோட்டத்தில் வெகுகாலம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கொசுவலை, பழைய சேலை, சாக்கு, ஜல்லிக்கூடை, முறம், கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டு வந்தார்கள். கான் வேலியைக் கடக்கும் இடத்தில் தாயம்மா வலையைக் குறுக்கே கட்டி, பெண்களை இருபுறமும் நிறுத்தினாள். மேலே காவல் கோபுரத்தில் நின்ற ஆம்புரோசுக்கு இடத்தை விட்டு நகர உத்தரவில்லை. ஆனால் எல்லாம் தெரிந்தது. காட்டைப் பார்க்க வேண்டியவன் தண்ணீரையும் பார்த்துக்கொண்டு, "சோத்தாங்கை பக்கம் அக்கா, அந்தப் பெரிய கூட்டம் சோத்தாங்கை பக்கம்" என்று கத்திக்கொண்டிருந்தான். கிராணிகூடக் காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். ஒரு விரால் அவர் கையிலிருந்து நழுவியபோது, "என்னைக் கண்டாலே இதுக்கு ஆகாது" என்றார். முதல் முறையாக அவர் சொன்னதற்கு ஜனம் சிரித்தது.

மத்தியானம் மழை விட்டது. தண்ணீர் இறங்கத் தொடங்கியது. அப்போதுதான் மேலேயிருந்து ஆம்புரோஸின் குரல் வேறு மாதிரி வந்தது.

"அக்கா, மூலைக் கம்பிகிட்ட என்னமோ புரளுது. பெருசு. முதலையா இருக்கப் போகுது, கிட்டப் போகாதீங்க."

பெண்கள் பின்வாங்கினார்கள். தாயம்மா மட்டும் மெல்ல நகர்ந்து போய்ப் பார்த்தாள். வெள்ளத்தோடு முள்கம்பியின் அடிவரிசைக்கு மேலாக உள்ளே நீந்தி வந்துவிட்டு, தண்ணீர் இறங்கியதும் திரும்பிப் போக வழி தெரியாமல் கம்பியை முட்டிக்கொண்டிருந்தது ஒரு வாளை. மலாய்க்காரர்கள் தாப்பா என்பார்கள். நீளம் அவள் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. தட்டையான தலை, இரண்டு பக்கமும் கயிறு மாதிரி மீசை. ஆற்று வளைவின் ஆழத்தில் இப்படி ஒன்று இருப்பதாகப் பேச்சுண்டு; அவள் கண்ணால் கண்டதில்லை. வாய் மூடிக்கொண்டது. கையை மட்டும் பின்னால் நீட்டிச் சாக்கு கேட்டாள்.

சாக்கைக் கொண்டுவந்து கொடுத்தது ஆறுமுகம்.

"தள்ளு, நானும் வர்றேன்" என்றான்.

"வாய்க்குள்ள கையை விட்டுறாதீங்க. பல்லு இருக்கு" என்று முணுமுணுத்தாள்.

இருவரும் சாக்கை விரித்துக்கொண்டு இரண்டு பக்கமாக நெருங்கினார்கள். வாளை வாலை ஒரு சுழற்று சுழற்றியது. ஆறுமுகம் சேற்றில் மல்லாந்தான். எழுந்து, வாயிலிருந்த சேற்றைத் துப்பிவிட்டு, வைராக்கியம் வந்தவனாக அதன் மேலேயே போய் விழுந்து கட்டிப் பிடித்துக்கொண்டான். தாயம்மா தலையில் சாக்கைக் கவிழ்த்து அழுத்தினாள். ராக்கம்மா காண்டாக் கழியோடு ஓடி வந்தாள். கடைசியில் அதைக் கழியில் கட்டி நான்கு பேர் தூக்கிக்கொண்டு லயத்துக்குள் வந்தபோது, வால் தரையைத் தொட்டு இழுபட்டது.

மீன் கிடைத்தது சரி, சமைக்க விறகு? எல்லாம் நனைந்து கிடந்தது. காய்ந்த விறகு தோட்டத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. ஆறுமுகம் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிடைக்காது என்று அவனுக்குத் தெரியும். மீன்களைப் பிளந்து, உப்பும் மஞ்சளும் தடவி, புகைக்கூண்டில் ஷீட் தொங்கும் கழிகளுக்கு நடுவே வரிசையாகத் தொங்கவிட்டான். சாயங்காலம் வீட்டுக்கு வீடு பங்கு போயிற்று. வாளையின் நடுத்துண்டு கேட்டுக்குப் போனது. ஆம்புரோஸ் அன்று வெள்ளிக்கிழமையா என்று கேட்கவே இல்லை.

ஆறுமுகம் ஒரு துண்டைப் பிட்டு முகர்ந்து பார்த்தான். வாயில் போட்டான். மெதுவாக மென்றான்.

"என்ன, சேத்து நாத்தமா?" என்றாள் தாயம்மா.

"பொகை நாத்தம்தான் வருது" என்றான் அவன். "இன்னொரு துண்டு வை."

தண்ணீர் வடிந்து துரை புகைக்கூண்டைப் பார்க்க வந்தபோது ஷீட்டுகள் எல்லாம் கருவாடு மணத்தன. அவர் ஒன்றை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனார். ஆறுமுகத்துக்கு முகம் வெளுத்தது. அவனைக் காப்பாற்றியது கிராணிதான். "இந்த ரப்பர்ல டயர் செஞ்சா, சார், பூனையெல்லாம் காருக்குப் பின்னால ஓடும்" என்றார். துரை சிரித்துவிட்டார். தனக்கு ஏன் ஒரு துண்டு வரவில்லை என்று மட்டும் கேட்டார்.

சில வருஷம் கழித்துக் கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. வேலியைப் பிரித்தார்கள். ஆறுமுகம் குடும்பம் தம்பின் ஊருக்குப் பக்கத்தில் வேறு தோட்டத்துக்கு மாறிப்போனது. அங்கே தாயம்மாவுக்கு ஒரு தண்ணீரும் தெரியாது. முதல் ஞாயிறு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவள், சன்னல் வழியே ஒரு நெல்வயலையும், வயலோரக் கானில் பிரம்புக்கூடையைத் தண்ணீருக்குள் அழுத்தி அழுத்தி எடுக்கும் ஒரு மலாய்க்காரப் பெண்ணையும் பார்த்தாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தாள்.

"அடா ஈக்கானா, மக்சிக்?" மீன் உண்டா சின்னம்மா என்று மலாயில் கேட்டாள்.

அந்தப் பெண் கூடையைச் சாய்த்துக் காட்டினாள். சேற்றுக்கு நடுவே வெள்ளி வெள்ளியாகத் துடித்த மீன்களில் ஒன்றைத் தாயம்மா இதுவரை பார்த்ததே இல்லை. பேர் என்ன என்று கேட்க வாயெடுத்தவள், தண்ணீரைப் பார்த்ததும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக் கானுக்குள் இறங்கினாள்.